அமைச்சர் கொடுத்த பாய்

அத்தியாயம் பதினான்கு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து எனெலே ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவை அடக்கம் செய்து முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை. முற்றத்தில் கல்லறை சிமெண்ட் இன்னும் ஈரமாக இருந்தது. ஆனாலும் மனுஷனுக்கு வாய் ஓயவில்லை.

“வண்டி திரும்புறப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு, அமைச்சரே நேர்ல வர்றார்னு. யார் வீட்டுச் சாவுக்கு அவர் நேர்ல போயிருக்கார், சொல்லு பாப்போம்.”

“சொன்னீங்க. நாலு தடவை சொன்னீங்க,” என்றாள் மனைவி லெபெகா. “கிழங்கு ஆறுது. எடுத்துக்கோங்க.”

“நான் எழுந்து நின்னப்போ சபை எப்படி அமைதியாச்சு, கவனிச்சியா?”

“அழுதுட்டிருந்தேன். கவனிக்கலை.”

எனெலேவை நமக்குத் தெரியும். வைதாஃபே கிராமத்தில் கல்யாணமோ சாவோ, அந்த வீட்டுக்காகப் பேசுகிறவர் அவர்தான். கோலை ஊன்றி, நார்ச் சாமரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார் என்றால் எதிர்த்துப் பேச வந்தவனும் வாய் பிளந்து கேட்பான். இந்த ஊரில் ஒரு குடும்பத்தின் மானம் அதன் பேச்சாளருடைய தொண்டையில்தான் இருக்கிறது. அது அவருக்கு நன்றாகத் தெரியும், அதுதான் வம்பே.

சனிக்கிழமை நடந்ததை அவரிடம் விட்டால் விடிய விடியச் சொல்வார். நாமே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீட்டுக்குள் சவப்பெட்டி. தலைமாட்டில் வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்தாள் தங்கை பெனினா, தலைநகர நீதிமன்றத்தில் நீதிபதி. ஊர் ஊராக ஆட்கள் பாய்களும் மீன் டப்பாப் பெட்டிகளும் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அமைச்சரின் ஆட்கள் அந்தப் பாயை இறக்கினார்கள். தாழை ஓலையை நூலாகக் கிழித்து நெய்த பாய். பழைய பாய், கையில் எடுத்தால் பட்டுத் துணிபோல வழுக்கும், ஓரமெல்லாம் சிவப்பு இறகு. இரண்டு பெண்கள் அதை விரித்துப் பிடித்து முற்றத்தில் நடந்து வந்தார்கள். பார்த்தவர்களெல்லாம் ஒரே குரலில் நன்றி சொல்லிக் கூவினார்கள். அந்தக் கூவல் எழுந்துவிட்டால் பாய் ஏற்கப்பட்டது என்று அர்த்தம்.

எனெலே எழுந்து பதில் பேசினார். நன்றாகவே பேசினார். கடைசியில் வேகம் வந்துவிட்டது. “இவ்வளவு பெரிய பாய்க்கு இந்த வீட்டில் ஒரே ஓர் இடம்தான் உண்டு. எங்கள் நீதிபதியின் மடி,” என்றார். பெண்கள் பாயை உள்ளே கொண்டுபோய் பெனினாவின் மடியில் வைத்தார்கள். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யாரோ கைபேசியில் படம் எடுத்தார்கள். சாவு வீட்டில் யார்தான் படம் எடுக்கவில்லை.

வெளியே கார் வந்து நின்றது.

பெனினா உள்ளே வந்தாள். சடங்கெல்லாம் முடிந்து சனிக்கிழமை சாயங்காலம் தலைநகரான ஆப்பியாவுக்குத் திரும்பிப் போனவள், மறுநாளே திரும்பி வந்திருக்கிறாள். கண் வீங்கியிருந்தது. தட்டை நீட்டிய லெபெகாவிடம் “வேண்டாம் அண்ணி,” என்று சொல்லிவிட்டு அண்ணன் எதிரில் உட்கார்ந்தாள்.

“பாய் எங்கே இருக்கு?”

எனெலேவின் முகம் மலர்ந்தது. “உள்ளே பெட்டியில பத்திரமா இருக்கு. கிளம்பறப்ப உன் பாயை எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல.”

“என் பாய்னு சொல்லாதே அண்ணா.”

அவள் கைபேசியை எடுத்து அவர் முன் வைத்தாள். சாவு வீட்டில் எடுத்த படம் ஓடியது, அவருடைய குரலே ஒலித்தது. எனெலே தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ‘எங்கள் நீதிபதியின் மடி’ என்ற இடத்தில் அவள் நிறுத்தினாள்.

“இது இன்னிக்குக் காலையில தலைமை நீதிபதிக்குப் போயிருக்கு. அரசு வக்கீல் அனுப்பியிருக்கார்.”

“நல்லாத்தானே பேசியிருக்கேன்.”

“ரொம்ப நல்லாப் பேசியிருக்கே. ஒரு வார்த்தையை நான் மறுக்க முடியாது.”

திங்கட்கிழமை காலையில் என்ன வழக்கு என்பது ஊருக்கே தெரியும். இதுவரை நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்தது ஒரு குழு. போன மாதம் வந்த புதுச் சட்டம் அந்தக் குழுவைக் கலைத்துவிட்டது. இனி நீதிபதியை நியமிப்பதும் இதே அமைச்சர், வீட்டுக்கு அனுப்புவதும் அமைச்சர். அந்தச் சட்டம் செல்லுமா செல்லாதா என்று விசாரிக்க மூன்று நீதிபதிகள் உட்காரப் போகிறார்கள். மூன்றில் ஒருத்தி பெனினா.

“லஞ்சம்னு சொல்றாங்களா?” எனெலே நிமிர்ந்து உட்கார்ந்தார். “எவன் சொல்றான், என் முன்னாடி வந்து சொல்லச் சொல்லு.”

“லஞ்சம்னு யாரும் சொல்லலை. சந்தேகம்னு சொல்றாங்க. வழக்குல ஒரு பக்கம் இருக்கிற ஆள்கிட்ட நான் பரிசு வாங்கியிருக்கேன். அதனால விலகணும்னு நாளைக்கு ஆட்சேபம் எழுப்பப் போறாங்க.”

“சரி, இந்த ஒண்ணுல விலகிக்க. அடுத்த வழக்குல உட்காரு. இதுக்குப் போயி இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வரணுமா?”

“நான் எழுந்தா அந்த நாற்காலியை யார் நிரப்புவாங்க, யோசிச்சியா?”

எனெலே யோசிக்கவில்லை.

“அமைச்சர் நிரப்புவார். அந்தச் சட்டம் இன்னும் நடைமுறையில இருக்கு. அவருக்கு அந்த அதிகாரம் உண்டா இல்லையான்னு தீர்ப்புச் சொல்ல, அவரே ஆள் அனுப்புவார்.”

லெபெகா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“அவர் அம்மாவுக்காக வந்தார்,” என்றார் எனெலே. குரலில் பாதி பலம் போயிருந்தது.

“அம்மாவை அவர் உயிரோட பாத்ததில்லை அண்ணா. பேர்கூடத் தெரியாது. அவரோட ஆள் பேசினப்போ அம்மா பேரைத் தப்பாச் சொன்னான், கேட்டியா?”

கேட்டிருந்தார். அப்போது அது பெரிதாகப் படவில்லை.

“நீ எப்படித் தீர்ப்புச் சொல்லப் போறே? சட்டம் செல்லாதுன்னா?”

“அதை உன்கிட்ட சொன்னா நான் அந்த நாற்காலிக்கு லாயக்கில்லை.” பெனினா முந்தானை போலப் போர்த்தியிருந்த துண்டால் முகத்தைத் துடைத்தாள். “அப்பாவோட பட்டம் உனக்கு எப்படி வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?”

அவருக்கு ஞாபகம் இல்லாமல் எப்படி இருக்கும். அப்பா போனதும் குடும்பத் தலைவர் பட்டமும் பேச்சாளர் கோலும் தனக்கே என்று பெரியப்பா மகன் வந்து நின்றான். பணக்காரன், அன்றைய அரசாங்கத்தில் அவனுக்குப் பேச ஆள் இருந்தது. எனெலேவுக்கு யாரும் இல்லை. வழக்கு பட்டங்களுக்கான நீதிமன்றத்துக்குப் போயிற்று. அங்கே ஒரு கிழவர், யார் போன் செய்தாலும் எடுக்காதவர், வம்சத்தைக் கேட்டார், ஊரைக் கேட்டார், எனெலேவுக்கென்று சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார்.

“அந்த நீதிபதியை அன்னிக்கு நம்ம பெரியப்பா மகனோட சிநேகிதங்க அனுப்பியிருந்தா, இந்தக் கோல் இப்ப யார் கையில இருக்கும்?”

எனெலே சுவரில் சாய்த்திருந்த கோலைப் பார்த்தார்.

“நான் என்ன பண்ணணும்?”

“நாளைக்குக் காலையில நீதிமன்றத்துல சத்தியம் பண்ணிச் சொல்லணும். பாய் குடும்பத்துக்கு வந்துச்சு, பெனினாவைக் கேக்காம நானாத்தான் அவ பேரைச் சொன்னேன், நான் சொன்னது தப்புன்னு. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்றாள். கோலை ஊன்றிச் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்ட பேச்சாளன் அந்தத் தீவில் கிடையாது. எடுத்துக்கொண்டால் அதோடு சரி. அடுத்த சபையில் எழுந்தால் சின்னப் பயல்கூட உட்காரச் சொல்வான்.

“அது முடியாது பெனி. வேற எது வேணா கேளு. வீட்டை வித்துடுன்னு சொல்லு, விக்கிறேன்.”

“பாயைத் திருப்பிக் கொடுத்துடலாமா?” என்றாள் லெபெகா.

“கூவி வாங்கின பாயை எவனாவது திருப்பிக் கொடுப்பானா? அவர் மூஞ்சியில துப்பின மாதிரி. ஊரே நம்மைத் தள்ளி வைக்கும்.”

பெனினா கொஞ்ச நேரம் அண்ணனையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தங்கையின் மனம் நோகாமல் காப்பது அண்ணன் கடமை என்று பிறந்த நாள் முதல் கேட்டு வளர்ந்தவர் அவர்.

“சரி அண்ணா,” என்று எழுந்தாள். முற்றத்தில் கல்லறைக்கு முன் நின்று சிமெண்டின் மேல் கை வைத்தாள், கை நனைந்தது. பிறகு காரில் ஏறிப் போய்விட்டாள்.

சாயங்காலம் சங்கு ஊதினார்கள், கிராமம் ஜெபத்துக்கு அடங்கியது. எனெலே ஜெபத்தைத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்திவிட்டார். என்ன கேட்பது என்று தெரியவில்லை. லெபெகாதான் ஆமென் சொல்லி முடித்தாள்.

“சும்மா இருக்கேன்னு நினைக்காதே,” என்றார் எனெலே. “தலைமை நீதிபதியைப் பாத்துப் பேசறேன். நான் பேசினா அந்த மனுஷன்…”

“பேசிப் பேசித்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கோம்.” லெபெகா விளக்கைத் தள்ளி வைத்தாள். “உங்க வாயால அவ நாற்காலி போகப் போகுது. வாயைத் திறக்காம ஏதாவது பண்ணத் தெரியுமா உங்களுக்கு?”

சுருக்கென்று தைத்தது. அந்தக் கேள்வியையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வாயைத் திறக்காமல் செய்கிற ஒன்று இருந்தது. இஃபோங்கா. ஒருத்தன் வண்டியை ஏற்றி இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் கொன்றுவிட்டால், விடியும் முன் அவன் வீட்டுப் பெரியவர்கள் அந்த வீட்டு வாசலில் போய் முட்டி போடுவார்கள். தலைக்கு மேல் குடும்பத்தின் நல்ல பாயைப் போர்த்திக்கொள்வார்கள். பேச்சு கிடையாது. உள்ளே இருப்பவர்கள் கல்லால் அடித்தாலும் கேட்பாரில்லை. அவர்கள் வந்து பாயைத் தூக்கினால் மன்னிப்பு, பாயும் அவர்களுக்கே.

“நான் பெனினாவுக்குப் பண்ணினது அதுக்குக் கொறைஞ்சதா?” என்று லெபெகாவைக் கேட்டார். “நீதிமன்ற வாசல்ல போய் முட்டி போடறேன். அந்தப் பாய் என் முதுகுலதான் இருக்கு, அவ வீட்டுல இல்லைன்னு ஊரே பாக்கட்டும். தப்பு என்னுதுன்னு வாயால சொன்னாத்தானே சொல்லைத் திரும்ப வாங்கினதா ஆகும். முட்டி போட்டா?”

“நானும் வரேன்.”

“வேண்டாம். பேசினவன் நான்.”

அவள் பெட்டியைத் திறந்து பாயை எடுத்து மடித்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனார். எப்போதும் காது கிழியப் பாட்டுப் போடுகிற ஓட்டுநர், அவர் மடியில் இருந்த பாயைப் பார்த்ததும் பாட்டை நிறுத்திவிட்டான். யாரும் எங்கே என்று கேட்கவில்லை. ஒரு பெண் எழுந்து அவருக்கு ஜன்னலோரம் விட்டாள்.

நீதிமன்றம் பழைய மரக் கட்டடம், காற்றுக்காகப் பலகை ஜன்னல்களைத் திறந்தே வைப்பார்கள். படிக்கட்டுக்கு முன்னால் சரளைக் கல்லில் எனெலே முட்டி போட்டார். பாயை விரித்துத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டார். காவலாளி ஓடி வந்தான். என்னவென்று பார்த்தான். தன் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

பாய்க்குள் தாழை வாசனையும் பழைய தேங்காயெண்ணெய் வாசனையும் அடித்தன. வெயில் ஏற ஏறப் பின்னலுக்குள் வெளிச்சம் வந்தது. வெளியே அவருக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்தான். செருப்புக் கால்கள், பூட்ஸ் கால்கள். கேமராக்கள் கிளிக் கிளிக் என்றன.

“யாருப்பா உள்ளே?”

“நீதிபதியம்மாவோட அண்ணன். அந்தப் பாய்தான் இது.”

“அடப்பாவமே.”

எனெலேவுக்கு முட்டியில் கல் குத்தியது. அது பரவாயில்லை. பெனினா வருவாள், பாயைத் தூக்குவாள், தீர்ந்தது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுக்குப் பள்ளிக்கூடத்துச் செருப்பு வாங்கிக் கொடுத்தது இவர்தான். அவள் நடை இவருக்குத் தெரியும்.

அந்த நடை வந்தது. கறுப்புச் செருப்பு, மேலே கறுப்பு அங்கியின் ஓரம். பேச்செல்லாம் அடங்கியது. செருப்பு அவர் முன்னால் நின்றது. கேமராச் சத்தம் மட்டும் அதிகமாயிற்று.

ஒரு கை கீழே இறங்கி, சிவப்பு இறகுக்கு அருகில் வந்தது. அம்மாவின் கைபோல விரல் நுனி சப்பையான கை. ‘தூக்கும்மா’ என்று எனெலேவின் மனசு சொன்னது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தூக்கினவர்களுக்குத்தான் பாய் சொந்தம். முந்தாநாள் அது அவள் மடியில் கேட்காமல் வைக்கப்பட்ட பாய். இப்போது தூக்கினால் அவளே தன் கையால் வாங்கிக்கொண்ட பாய், அத்தனை கேமராவுக்கும் முன்னால். முட்டாள், முட்டாள் என்று தன்னைத் திட்டிக்கொண்டார். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து யோசித்தவனுக்கு இது தோன்றவில்லையே.

பாய்க்குள் இருக்கிறவன் பேசக்கூடாது. எனெலே பேசினார்.

“தொடாதே பெனி.”

கை நின்றது.

“தூக்கினா உன்னுதாயிடும். போ. உள்ளே போ.”

செருப்பு நகரவில்லை. குனிந்த குரல் ஒன்று, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி வந்தது. “முட்டி வலிக்குதா அண்ணா?”

“இல்லை. போம்மா.”

கை மேலே போயிற்று. செருப்பு அவரைச் சுற்றிக்கொண்டு படியேறியது. கூட்டத்தில் ஒரு கிழவி, “கூடப் பிறந்தவனை இப்படி விட்டுட்டுப் போறாளே, கல்நெஞ்சுக்காரி,” என்றாள். அவளுக்குப் பதில் சொல்ல எனெலேவின் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். அழுகை வந்தது, அதை மட்டும் அடக்கவில்லை.

ஒன்பது மணிக்கு உள்ளே சுத்தியல் தட்டினார்கள். எல்லாரும் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. பலகை ஜன்னல் வழியாக ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்தது. எழுத்தர் மூன்று நீதிபதிகளின் பெயரையும் வாசித்தார். மூன்றாவது பெயர் பெனினாவுடையது. எனெலே மூச்சு விட்டார்.

அரசு வக்கீல் எழுந்தார். இளகிய, மரியாதையான குரல். எனெலேவுக்கு அந்த மாதிரிக் குரல் தெரியும், அவரிடமே ஒன்று இருந்தது.

“வழக்குக்கு முன்னாடி ஓர் ஆட்சேபம். நீதிபதி அம்மாவோட குடும்பம் பரிசு வாங்கினதுக்கு என்கிட்ட ஒரு படம் இருக்கு. அதைக் காட்டலாம்னுதான் வந்தேன். இப்ப அது தேவையில்லைன்னு நினைக்கிறேன். அவங்க அண்ணன் இந்த நிமிஷம் வெளியே முட்டி போட்டிருக்கார். நாமெல்லாம் இந்த மண்ணுல பிறந்தவங்க. தப்பே நடக்காத வீட்டுலேர்ந்து யாரும் பாய்க்குள்ள போகமாட்டாங்க. பாய் வந்ததையும், வந்தது தப்புங்கறதையும் அவரே ஒத்துக்கிட்டார். இதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டாம்.”

உள்ளே முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

எனெலேவுக்கு எழுந்து ஓடிப்போய் அந்த வக்கீல் முன் நிற்க வேண்டும் என்று கால் தவித்தது. எழுந்தால் பாய் நழுவும், நழுவினால் அதையும் ஏதாவது சொல்வான். அவர் அசையாமல் இருந்தார். ஒரு வாயால் முந்தாநாள் கெடுத்தது போதாதென்று இன்றைக்கு வாய் திறக்காமலும் கெடுத்தாயிற்று.

தலைமை நீதிபதி தொண்டையைச் செருமினார். “நீதிபதி பெனினா, இதுக்கு நீங்க ஏதாவது சொல்ல விரும்புறீங்களா? இல்லை, விலகிக்கறீங்களா?”

முப்பது வருஷமாக அந்த வீட்டுக்காகப் பேசிவந்தவர், பாய்க்குள் குனிந்தபடி, அந்த வீட்டுக்காக இன்னொருவர் பேசுவதற்குக் காத்திருந்தார்.

உள்ளே ஒலிபெருக்கி கரகரத்தது.

“சொல்றேன்,” என்றாள் பெனினா.